ஓ பேராக ஜெர்மனி போகிற பிள்ளைகளுக்கு: பருவம், விடுமுறை, பாதுகாப்பு – காரைக்குடியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனிக்கு ஓ பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போக நினைக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் என் வீட்டுக்கு வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். "புள்ள தாங்குவாளா ஆச்சி?" என்பார்கள். தாங்குவாள். நல்ல கோட்டும் அடிப்பிடிப்புள்ள பூட்ஸும் இருந்தால் யாரும் தாங்கலாம். இதுவரை ஒருவர்கூடக் கேட்காத கேள்வி, "என் பொண்ணுக்கு நீச்சல் தெரியாதே, அங்கே குழந்தைகளை ஏரிக்குக் கூட்டிப் போகச் சொல்வாங்களா?" என்பது.

சொல்வார்கள். எனக்கும் நீச்சல் தெரியாது. ஊருணிக் கரையில் வளர்ந்தவள்தான், ஆனால் குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்களே. நான் ஓ பேராகப் போய்ப் பத்தாவது மாதம், ஜூனில் ஒரு சனிக்கிழமை, நாலு வயதுக் குழந்தையின் கையை என் கையில் கொடுத்து, "நீங்க ரெண்டு பேரும் தண்ணியில விளையாடுங்க" என்றார் அந்த வீட்டம்மா. இதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, ஏன் முன்பே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கு அஞ்சுவதில்லை. போன வீட்டில் வாய் திறந்து கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். அதனால் எந்தப் பருவத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லிவிட வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். எண்களும் சட்டங்களும் ஜெர்மனிக்கு உரியவை. பிரான்ஸ், ஆஸ்திரியா, நெதர்லாந்து போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைத் தனியாகப் பாருங்கள்.

புறப்படும் முன்: கணக்கும் காகிதமும்

ஓ பேர் என்பது பிரெஞ்சுச் சொல். 'சமமாக' என்று பொருள். அந்த வீட்டில் ஒருவராகத் தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சிறுசிறு வீட்டு வேலைகளில் கைகொடுத்து, மொழியும் பண்பாடும் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது முடிந்திருக்க வேண்டும், 27 நிறைந்திருக்கக் கூடாது. ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை, ஜெர்மன் தெரிய வேண்டும். சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் படித்துத் தேர்வும் எழுதலாம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம். தம்பிகளும் போகலாம், பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று யாரும் வைக்கவில்லை.

வேலை ஒரு நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 30 மணி நேரம். பெற்றோர் வெளியே போன இரவில் குழந்தைக்குக் காவலாக இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. தனி அறை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, நாலு மாலைகள் உங்களுக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக உங்களுடையது. ஆண்டுக்கு 4 வார விடுமுறை, அந்த நாட்களுக்கும் கைச்செலவுப் பணம் உண்டு. விமானச் செலவு பெரும்பாலும் நம்முடையது.

ஏஜென்சி ஓ பேரிடம் கேட்கக்கூடிய கட்டணத்துக்கு ஜெர்மனியில் உச்சவரம்பு இருக்கிறது: 150 யூரோ. இதை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். நம் பக்கம் ஒரு தரகர், விசா நிச்சயம் என்று சொல்லி ஒரு பெண்ணின் அம்மாவிடம் லட்சக் கணக்கில் வாங்கிவிட்டார். விசாவும் வரவில்லை, அதற்காக அடகு வைத்த வளையலும் திரும்பவில்லை. பெரிய தொகை கேட்கிறார் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். நகரத்தார் கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் முடிப்பதில்லை. ஊர் தாண்டி, கடல் தாண்டிப் போகிற காரியத்தை வாய்ப்பேச்சில் விடலாமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போன நம் ஐயாக்கள் ஒரு சல்லியைக்கூடப் பேரேட்டில் பதியாமல் விட்டதில்லை. நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தேன், என்ன சொல்லப்பட்டது என்று தினமும் இரண்டு வரி போதும்.

குடும்பத்தோடு வீடியோவில் பேசும்போது கேட்க வேண்டியவை: குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டா, நீச்சல் குளத்துக்கோ ஏரிக்கோ நான் கூட்டிப் போக வேண்டியிருக்குமா, கார் ஓட்ட வேண்டுமா, சைக்கிளில் குழந்தையை ஏற்றிப் போக வேண்டுமா, பள்ளி விடுமுறையில் நேரம் எப்படி மாறும், நீங்கள் சுற்றுலா போகும்போது நானும் வருவேனா, வந்தால் அது எனக்கு வேலையா ஓய்வா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடற்கரை விடுதியில் இரண்டு வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு வந்த பின் "உன் லீவு தீர்ந்துபோச்சு" என்று கேட்டு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது வேலை. விடுமுறையில் கழிக்கக் கூடாது.

பெட்டி கட்டும்போது ஒரு வார்த்தை. உப்புக்கண்டம், நெய் பாட்டில், பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம். ஐரோப்பாவுக்குள் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. பச்சை இலைக்குச் சான்றிதழ் வேண்டும். தேன்குழலும் மணகோலமும் மசாலாப் பொடியும் தாராளமாகப் போகும்.

இறங்கியதும்

இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். குடும்பம் கூட வரும். பாஸ்போர்ட் உங்கள் அலமாரியில், உங்கள் கையில் இருக்கட்டும். "பத்திரமாக நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

அப்புறம் வீடு. நம் வீடுகள் வெயிலுக்குக் கட்டியவை. நடுவில் முற்றம் திறந்து கிடக்கும், காற்று தானாக ஓடும். அங்குள்ள வீடு சூட்டை உள்ளே அடைத்து வைக்கக் கட்டியது. அதனால் குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விட்டு மூடச் சொல்வார்கள். செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை படரும். ஜன்னல் திறந்திருக்கும் அந்த நேரத்தில் சின்னக் குழந்தையை அந்த அறையில் தனியே விடாதீர்கள், மாடி வீட்டில் முக்கியமாக.

அறைகளில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். மிளகாய் தாளித்தால் கத்தும். எனக்கு முதல் மாதமே கத்தியது. வெந்நீரும் எண்ணெயும் இருக்கும் பாத்திரத்தைப் பின் அடுப்பில் வையுங்கள், கைப்பிடி உள்பக்கம் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோன வைத்தியத்தைக் குழந்தைகளிடம் காட்டாதீர்கள். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலம் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் வைக்கவே கூடாது. பலகாரத்தையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். முந்திரி, நிலக்கடலை, எள் ஒவ்வாத பிள்ளைகள் அங்கே நிறைய. சீப்புச் சீடை போலக் கடிக்கக் கடினமானது, முழு முந்திரி, முழுத் திராட்சை எல்லாம் சின்னப் பிள்ளை தொண்டையில் சிக்கும்.

இலையுதிர் காலம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

பள்ளி ஆண்டையொட்டி ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பலரும் போய்ச் சேர்கிறார்கள். அதனால் உங்கள் ஆண்டு பெரும்பாலும் இங்கே தொடங்கும். குழந்தைகளோடு பழக இதைவிட நல்ல காலம் இல்லை. பூங்காவில் குதிரைக் கஷ்கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி வந்து, துளையிட்டு, தீக்குச்சி செருகிக் குதிரையும் மனிதனும் செய்வார்கள். துளையிடுவது உங்கள் வேலை. பொம்மைக்கு மட்டும்தான் அந்தக் கொட்டை, வாயில் போடக் கூடாது. காட்டுக் காளானைத் தொடவே வேண்டாம். சாப்பிடும் காளானைப் போலவே இருக்கும் கொடிய வகைகள் அங்கே வளர்கின்றன. ஊர்க்காரர்களே ஏமாந்து மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். இருட்டியதும் பிள்ளைகள் தாங்களே காகிதத்தில் செய்த விளக்கைக் கோலில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். முன்னால் குதிரையில் ஒருவர், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் போர்வையைப் பாதி வெட்டிக் கொடுத்த மார்ட்டினாக வருவார். கார்த்திகை தீபமும் அதற்கடுத்த வாரங்களில் வரும். நான் அன்று அந்த வீட்டு வாசலில் இரண்டு அகல் ஏற்றினேன், பிள்ளைகள் அதையும் மார்ட்டின் விளக்கென்றே நினைத்தார்கள். ஊர்வலத்துக்கு மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைக்கலாமா என்று கேளுங்கள். காகிதமும் கம்பளி உடையும் சட்டென்று பற்றும்.

தீபாவளிக்கு வெடி வெடிக்க முடியாது. அங்கே பெரிய பட்டாசுக்கு ஆண்டுக் கடைசி இரவும் புத்தாண்டும் மட்டுமே அனுமதி. கம்பி மத்தாப்பு எந்த நாளும் கொளுத்தலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பின் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பின் மூன்றரை. அம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழைக்கும் நேரம் மாறியதற்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

குளிர்காலம்

டிசம்பர் முழுக்கப் பண்டிகை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் பச்சைத் தழையால் கட்டிய வளையத்தில் ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றுவார்கள். 5ஆம் தேதி இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், 6ஆம் தேதி காலை அதில் புனித நிக்கோலாஸ் போட்ட மிட்டாயும் ஆரஞ்சும் இருக்கும். பரிசுகள் 24ஆம் தேதி மாலை. 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 24 மதியத்திலிருந்து கடைகள் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கடை இருக்காது என்பதால் உங்களுக்கு வேண்டியதை முன்பே வாங்கி வையுங்கள். அந்த மூன்று நாளில் நீங்கள் குடும்பத்தோடு இருப்பீர்களா, தோழிகளோடா என்று நவம்பரிலேயே பேசிவிடுவது நல்லது.

நாலாவது ஞாயிறுக்குள் அந்தப் பச்சை வளையம் காய்ந்து சருகாகிவிடும். சில வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்திலேயே உண்மையான மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எரிகிற மெழுகுவத்தி உள்ள அறையை விட்டு நீங்கள் ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. வாளியில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பிள்ளையார் நோன்பு கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் என்பதால் கிறிஸ்துமஸை ஒட்டியே வரும். அங்கேயும் இழை எடுத்துக்கொள்ளலாம், நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் முன்பே குடும்பத்திடம் சொல்லிவிட்டேன்: 21 இழைத் திரி, மாவுப் பிள்ளையார், ஏற்றிய சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம் என்று. அவர்கள் ஆவலோடு வந்து பார்த்தார்கள். குழந்தைகள் தூங்கிய பிறகே செய்தோம். மூன்று வயதுப் பிள்ளை நாம் செய்வதையெல்லாம் மறுநாள் தானும் செய்து பார்க்கும்.

உடை ஒன்றின் மேல் ஒன்றாக, வெங்காயத் தோல் போல என்று அவர்களே சொல்வார்கள். உள்ளே உடம்போடு ஒட்டியது, நடுவில் கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத கோட்டு. குழந்தைக்கு ஒன்றைக் கவனியுங்கள். கார் இருக்கையில் பெல்ட் போடும் முன் தடித்த கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கோட்டு போட்டபடி கட்டினால் பெல்ட் தளர்ந்திருக்கும், மோதினால் பிள்ளை நழுவும். பெல்ட்டைக் கட்டிவிட்டு, மேலே போர்வையாகப் போர்த்துங்கள். 12 வயது வரை, அல்லது 150 செ.மீ. உயரம் வரும்வரை, குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம்.

பனிச்சறுக்கு வண்டியில் தலைக்கவசம் போடுங்கள். மரமும் சாலையும் இல்லாத சரிவாகப் பாருங்கள். உறைந்த ஏரி கண்ணாடி மாதிரி பிள்ளைகளை இழுக்கும். நிற்கிற நீரில் 15 செ.மீ., ஓடுகிற நீரில் 20 செ.மீ. தடிமன் இருந்தால்தான் பனிக்கட்டி தாங்கும் என்பது அங்குள்ள கணக்கு. அதை நாம் அளக்க முடியாது. ஊர் நிர்வாகம் திறந்துவிட்டதாக அறிவித்தால் மட்டும் கால் வையுங்கள்.

இருட்டைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டும். பண்டிகை முடிந்து ஜனவரி வந்ததும் மனம் அப்படியே உட்கார்ந்துவிடும். பொங்கல் அன்று நம் வீட்டு வாசல் கோலத்தைப் போனில் பார்த்துவிட்டு நான் குளியலறையில் போய் அழுதேன். இது வருவது இயல்பு. பகல் வெளிச்சம் இருக்கும்போது தினமும் அரை மணி நேரம் வெளியே நடங்கள், மொழி வகுப்பை விடாதீர்கள், அதே ஊரிலுள்ள மற்ற ஓ பேர்களைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மருத்துவரிடம் போங்கள், காப்பீடு இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டுமென்று டிசம்பரிலேயே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், அவர்களும் பொங்கல் சாப்பிட உட்காருவார்கள்.

வசந்தம்

இது சுருக்கம். ரைன் ஆற்றங்கரை ஊர்களில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வேடமிட்ட ஊர்வலம் நடக்கும். கூட்டத்தில் குழந்தையின் கையில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். ஈஸ்டரில் தோட்டத்தில் முட்டை ஒளித்துத் தேடுவார்கள். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறை.

மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை புல்லிலும் புதரிலும் உண்ணி இருக்கும். தெற்கு மாநிலங்களான பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் பக்கம் போகிறவர்கள் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி பற்றிக் குளிர்காலத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். புல்வெளியில் விளையாடி வந்த மாலை குழந்தையின் காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு பாருங்கள். உங்களையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுக்க வேண்டும். எண்ணெயோ பசையோ தடவக் கூடாது. தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோடை: தண்ணீரும் வெயிலும்

நம்மூர்க் கத்திரி வெயிலைக் கண்டவர்களுக்கு அந்த வெயில் இதமாக இருக்கும். அங்கேதான் தவறு நடக்கிறது. வெள்ளைத் தோல் பிள்ளை அரை மணி நேரத்தில் வெந்து சிவந்துவிடும். உங்களுக்குச் சுடவில்லை என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எஸ்பிஎஃப் 30க்கு மேலுள்ள வெயில் தடுப்புக் கிரீம், தொப்பி, முழுக்கைச் சட்டை, பதினொன்று முதல் மூன்று வரை நிழல். நீரில் இறங்கி ஏறினால் கிரீமை மறுபடி தடவ வேண்டும். காருக்குள் குழந்தையை இரண்டு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. ஆகஸ்ட் வாக்கில் குளவிகள் இனிப்புப் பானத்துக்குள் விழுந்து கிடக்கும், குடிக்கக் கொடுக்கும் முன் கோப்பைக்குள் பாருங்கள்.

இனித் தண்ணீர். நீச்சல் தெரியாவிட்டால் குடும்பத்திடம் முதல் வாரமே சொல்லுங்கள். "தெரியாது, ஆழமான தண்ணீருக்கு நான் தனியாகக் குழந்தையைக் கூட்டிப் போகமாட்டேன்" என்று நேராகச் சொல்லலாம். முடிந்தால் அங்கே பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேருங்கள். நான் கடைசி இரண்டு மாதம் போய் மிதக்கவாவது கற்றேன். நீச்சல் தெரிந்தவர்களும் கவனியுங்கள்: மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய ஏரிகள் கரையிலேயே சட்டென்று ஆழமாகும், மேலே வெதுவெதுப்பாகவும் கீழே விறைக்கிற குளிராகவும் இருக்கும். காவலர் இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே காவலர் பார்வை இருக்கிறது, சிவப்புக் கொடி ஏறினால் யாரும் இறங்கக் கூடாது. குழந்தை முழுகும்போது கத்தாது, கையும் ஆட்டாது, சத்தமே இல்லாமல் சில நொடியில் நடந்துவிடும். அதனால் சின்னப் பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் பைக்குள் இருக்கட்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பாதீர்கள். தோட்டத்து ரப்பர்க் குளமும் குளியல் தொட்டியும் இதே கணக்குத்தான்.

கோடைப் பள்ளி விடுமுறை சுமார் ஆறு வாரம், மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும். பள்ளி இல்லாததால் உங்கள் நேரம் கூடிவிடும் காலம் இது. 30 மணி நேரம் தாண்டினால் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். சைக்கிளில் போனால், 8 வயது நிறையும் வரை பிள்ளைகள் சாலையில் ஓட்டக் கூடாது, நடைபாதையில் ஓட்ட வேண்டும், கூடப் போகும் பெரியவரும் அங்கே ஓட்டலாம்.

உங்கள் சொந்தப் பயணம்

ஜெர்மன் தங்கும் அனுமதி கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை போகலாம். சுவிட்சர்லாந்தும் இதில் சேரும். பிரிட்டனும் அயர்லாந்தும் சேராது, தனி விசா வேண்டும். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் கூடவே போக வேண்டும். எங்கே தங்குகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கும் ஜெர்மனியில் ஒருவருக்கும் எழுதி அனுப்புங்கள். விடுமுறைத் தேதிகளைச் செப்டம்பரிலேயே பேசி, இரு பக்கமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரியில்லை என்றால்

கைச்செலவுப் பணம் தாமதம், நேரம் கூடுதல் என்றால் முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் ஏஜென்சி. ஒப்பந்தத்தை இரு பக்கமும் வழக்கமாக 14 நாள் முன்னறிவிப்பில் முடிக்கலாம். வேறு குடும்பத்துக்கு மாறவும் வழி இருக்கிறது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். அடித்தால், தொட்டால், அறைக்குள் பூட்டினால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கினால் 14 நாள் காத்திருக்கத் தேவையில்லை, அன்றே வெளியேறுங்கள். போலீஸ் 110. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான இலவச உதவி எண் 116 016, இரவும் பகலும் பேசலாம். பெர்லினில் இந்தியத் தூதரகமும், பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. அம்மா மனம் கஷ்டப்படும் என்று மறைக்காதீர்கள்.

உயிருக்கு அவசரம் இல்லாத நோய்க்கு, மருத்துவரின் கிளினிக் அடைத்த நேரத்தில், 116 117. தீ, ஆம்புலன்ஸ் என்றால் 112. இந்த எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இலவசம், ஆனால் ஜெர்மனியில் போனில் வேலை செய்யும் சிம் இருந்தாக வேண்டும். குழந்தையோடு முதல் முறை தனியாக இருக்கும் முன் இதைச் செய்யுங்கள்: வீட்டு முகவரி, மாடி எண், அழைப்பு மணியில் உள்ள பெயர், குழந்தையின் வயது, இவற்றை ஜெர்மனில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, அந்த வீட்டம்மாவை ஆம்புலன்ஸ்காரராக உட்கார வைத்து மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், யார் பேசுவது. சொல்லி முடித்த பிறகும் அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.